முக்காலியும் நாற்காலியும்

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். இந்தப் பகுதியில் சமையலறை முதல் சட்டசபை வரையில் எல்லா விஷயங்களைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லும் துணிச்சல் நமக்கு உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் மோட்டார் யந்திரத்தைப் பற்றி இதுவரையில் யாரும் நம்மைக் கேட்டதில்லை. ஆகையால் கடிதத்தைப் பிரித்ததும் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. முழுவதும் படித்து முடித்தபோது கர்வம் போய்க் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

விஷயம் இதுதான். அந்த அம்மையார் ஆறு வருஷங்களுக்கு முன்பு, கையிலிருந்த சேமிப்பையும் பாங்கிக் கடனையும் சேர்த்து, ஜப்பானிலிருந்து வந்த ஒரு சின்னக் கார் வாங்கினார். 660 ஸி.ஸி. யந்திரம்; மூன்று ஸிலிண்டர். ஜப்பானில் சில வருஷம் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்த வண்டி. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். காலையில் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போவதும், மாலையில் திரும்புவதும், வெள்ளிக்கிழமைகளில் நல்லூருக்குப் போவதுமாக வண்டி நன்றாகத்தான் உழைத்து வந்தது. சென்ற சில மாதங்களாக அதற்கு இரண்டு வியாதிகள். நிற்கும்போது உடம்பு முழுவதும் நடுங்குகிறது; ஆயிலைக் குடிக்கிறது. கராஜுக்குக் கொண்டு போனாராம். "எஞ்சின் போய்விட்டது, அம்மா! ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின் ஒன்று வாங்கி மாற்றிவிடலாம்" என்றார்களாம். அதற்குக் கேட்ட தொகை அவருடைய இரண்டு வருஷச் சேமிப்பு. போதாததற்கு மைத்துனர் ஒருவர் வந்து, "மூன்று ஸிலிண்டர் என்றாலே இப்படித்தான், அண்ணி! மூன்று காலுள்ள நாற்காலி ஆடாமல் என்ன செய்யும்?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாராம்.

மைத்துனரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். மூன்று காலுள்ளதற்குத் தமிழில் முக்காலி என்று பெயர். வாசகர்கள் தங்கள் வீட்டு முற்றத்தில், மேடு பள்ளமான இடத்தில், ஒரு முக்காலியையும் ஒரு நாற்காலியையும் போட்டுப் பார்க்கட்டும். முக்காலி எந்தத் தரையிலும் மூன்று காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். ஆடுவது நாற்காலிதான், அதற்குத்தான் ஒரு காலின் கீழே காகிதம் மடித்து வைக்கிறோம்.

இருந்தாலும் மைத்துனர் சொன்னதில் ஒரு பங்கு வாஸ்தவம் உண்டு. மூன்று ஸிலிண்டர் யந்திரத்துக்கென்று பிறவியிலேயே ஒரு நடுக்கம் இருக்கிறது. எது பிறவிக் குணம், எது வியாதி என்று பிரித்தறியத் தெரியாததனால்தான் எத்தனையோ நல்ல யந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

ஓர் உரலில் மூன்று பெண்கள் நெல் குத்துவதைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் இன்னும் சிலர் இருப்பார்கள். ஒருத்தி உலக்கையை ஓங்கும்போது ஒருத்தி இறக்குவாள், மற்றவள் நடுவிலிருப்பாள். உலக்கைகள் ஒன்றோடொன்று இடிக்காமல், தாளம் தப்பாமல் விழும். மூன்று ஸிலிண்டர் யந்திரத்தின் வேலையும் அப்படித்தான். யந்திரத்தின் தண்டு இரண்டு முறை முழுவதும் சுற்றி வருவதற்குள் ஒவ்வொரு ஸிலிண்டரிலும் பெட்ரோல் ஒரு முறை வெடித்துப் பிஸ்டனை உதைக்கிறது. இரண்டு சுற்று என்பது 720 பாகை. அதை மூன்றாகப் பங்கிட்டால் 240 பாகைக்கு ஓர் உதை. ஆனால் ஓர் உதையின் வேகம் அரைச் சுற்றுக்கு, அதாவது 180 பாகைக்கு மேல் நீடிக்காது. மீதி 60 பாகைக்கு உதைப்பார் யாரும் இல்லை. முன்னே வாங்கிய வேகத்திலேயே தண்டு சுற்றியாக வேண்டும். நாலு ஸிலிண்டர் யந்திரத்தில் ஓர் உதை முடிகிற இடத்தில் அடுத்த உதை ஆரம்பித்துவிடுகிறது. வண்டி நிற்கும்போது யந்திரம் நிமிஷத்துக்கு 800 சுற்றுச் சுற்றுகிறது என்றால், மூன்று ஸிலிண்டரில் விநாடிக்கு இருபது உதை விழும். அந்த இருபதையும் நம் உள்ளங்கால் எண்ணக்கூடியதாக இருக்கிறது. வேகம் பிடித்த பிறகு உதைகள் நெருங்கி ஒன்றாகிவிடுகின்றன.

இன்னொரு குணமும் உண்டு. மூன்று பிஸ்டன்களும் ஏறி இறங்குவதால் உண்டாகும் விசைகள் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன. யந்திரம் மேலும் கீழும் குதிப்பதில்லை. அந்த விஷயத்தில் நாலு ஸிலிண்டரைக் காட்டிலும் இது சாது. ஆனால் முதல் பிஸ்டனும் மூன்றாவது பிஸ்டனும் இரண்டு ஓரங்களில் இருக்கின்றன அல்லவா? கிணற்றடி ஏற்றத்தில் ஒரு பக்கம் உயர்ந்தால் மறுபக்கம் தாழ்வதுபோல், யந்திரத்தின் ஒரு முனை உயர மறுமுனை தாழ்கிறது. இதைத் தடுக்க 1977-ம் வருஷத்தில் டைஹாட்ஸு கம்பெனியார் தங்கள் ஷரேட் என்னும் 993 ஸி.ஸி. மூன்று ஸிலிண்டர் காரில் எதிர்ப்பாரம் கட்டிய தனித் தண்டு ஒன்றையே வைத்தார்கள். சின்னக் கார்களில் பெரும்பாலும் அந்தச் செலவு செய்வதில்லை. யந்திரத்தை ரப்பர்க் கட்டைகளின் மேல் உட்காரவைத்து, நடுக்கத்தை அவை விழுங்கிக்கொள்ளும்படி விட்டுவிடுகிறார்கள். அந்த ரப்பர்க் கட்டைகளுக்கு 'மவுண்ட்' என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு தேவைப்படும்.

அப்படியானால் நாலாவது ஸிலிண்டரையும் வைத்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்கலாம். இதற்குப் பதில் ஜப்பானியரின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

யுத்தத்தில் தோற்று, நகரங்கள் சாம்பலாகி, கையில் காசில்லாமல் நின்ற அந்தத் தேசம், 1949-ல் ஒரு புது வகை மோட்டாருக்கு இலக்கணம் வகுத்தது. 'கேய்' என்று அதற்குப் பெயர்; இலேசானது என்று பொருள். முதலில் விதித்த அளவு 150 ஸி.ஸி. தான். நமது மோட்டார் சைக்கிளுக்குக்கூடப் பலருக்குப் போதாத அளவு! அதற்குள் கார் செய்வது நடவாத காரியம் என்று கண்டு, சில வருஷங்களில் 360 ஆக உயர்த்தினார்கள். 1976-ல் 550, 1990-ல் 660. இன்று வரையில் 660 தான். வண்டியின் நீளம் 3.4 மீட்டருக்கும் அகலம் 1.48 மீட்டருக்கும் மேற்படக் கூடாது. யந்திரத்தின் பலம் 64 குதிரைச் சக்திக்கு மேற்படாமல் கம்பெனிகள் தாமாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த வேலிக்குள் நிற்கும் வண்டிக்கு வரி குறைவு. பட்டணங்களில் கார் வாங்குகிறவர், அதை நிறுத்த இடமிருக்கிறதென்று அத்தாட்சி காட்ட வேண்டும். கிராமப்புறங்களில் கேய் வண்டிக்கு அந்த நிர்ப்பந்தமும் இல்லை. ஜப்பானியக் கிராமங்களில் ரயிலும் பஸ்ஸும் குறைந்துவிட்ட இடங்களில், எழுபது வயதுக் கிழவரும் கிழவியும் வைத்தியரிடம் போவதும், வயலுக்கு உரமூட்டை கொண்டு போவதும் இந்தச் சின்ன வண்டிகளில்தான். அந்தத் தேசத்தில் இப்போது சுமார் மூன்று கோடிக் கேய் வண்டிகள் இருக்கின்றன.

இந்த வேலிக்குள் பல வித்தைகள் செய்து பார்த்தார்கள். ஹமமட்ஸு என்னும் ஊரில் 1909-ல் நெசவுத் தறி செய்யும் பட்டறை வைத்தவர் மிச்சியோ ஸுஸுகி. தறி செய்த கம்பெனி 1955-ல் இரண்டு ஸிலிண்டர் வைத்த 'ஸுஸுலைட்' என்னும் குட்டிக் காரைச் செய்தது. 1967-ல் மூன்று ஸிலிண்டர் வைத்த 'ஃபிரண்டே' 360 வந்தது. இரண்டும் ஆயிலைப் பெட்ரோலோடு சேர்த்து எரித்துப் புகை கக்கும் பழைய மாதிரி யந்திரங்கள். புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்ததும் அந்த மாதிரி மெள்ள மெள்ள மறைந்து, 1980-ஐ ஒட்டி இப்போதுள்ள நாலு வீச்சு யந்திரங்கள் வந்தன. அப்போது மூன்று ஸிலிண்டர்தான் நிலைத்தது. காரணம் எளியது. 660 ஸி.ஸி.யை மூன்றாகப் பங்கிட்டால் ஒரு ஸிலிண்டருக்கு 220. ஒரு பெரிய காப்பி டம்ளர் அளவு. பெட்ரோல் நன்றாக எரிவதற்கு இந்த அளவே சிறிதுதான். நாலாகப் பங்கிட்டால் இன்னும் சிறுத்துப்போகும், உராய்வு கூடும், பாகங்கள் கூடும், விலை கூடும், யந்திரத்தின் நீளமும் கூடி உட்காருகிறவர்களின் முழங்காலை இடிக்கும். நாலு ஸிலிண்டர் கேய்களும் இருந்தன. ஸுபாரு கம்பெனியார் பல காலம் அப்படிச் செய்தார்கள். மிருதுவாகத்தான் ஓடின. ஆனாலும் நிலைத்தது மூன்றுதான்.

இந்த மூன்று ஸிலிண்டர் நமக்கும் அந்நியமல்ல. 1983 டிஸம்பர் 14-ந்தேதி இந்திரா காந்தி அம்மையார் புது தில்லியில் முதல் மாருதி 800 காரின் சாவியை எடுத்துக் கொடுத்தாரே, அதன் வயிற்றிலிருந்தது 796 ஸி.ஸி. கொண்ட ஸுஸுகியின் மூன்று ஸிலிண்டர். அம்பாஸடர் காரின் கனத்தில் பழகியிருந்த நம் பெரியவர்கள் அதைப் பொம்மை என்றார்கள். பொம்மை 2014 வரையில் உற்பத்தியாகி இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் ஓடிற்று. முதலில் பெரும்பாலான பாகங்கள் கப்பலில் வந்தன. பிறகு அவை இங்கேயே வார்த்தும் கடைந்தும் செய்யப்பட்டன. ஸ்வதேசித் தொழில் என்று நாம் பேசியதெல்லாம் எந்த அளவுக்கு நடந்தது என்று கேட்பவர்களுக்குக் காட்டத்தக்க சில காரியங்களில் இது ஒன்று. அதே அளவு யந்திரம் வைத்த மெஹ்ரான் என்னும் வண்டி 2019 வரையில் பாகிஸ்தானிலும் உற்பத்தியாயிற்று. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் மெக்கானிக்குகளின் கைகள் ஒரே மாதிரி கறுத்திருந்தன என்று சொல்லலாம்.

நிற்க. அம்மையாரின் வண்டிக்கு வருவோம். முதலில் ஆயில் விஷயம். (எண்ணெய் என்று எழுதலாமென்று பார்த்தோம், நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா என்று வீட்டில் கேட்டார்கள். ஆகையால் ஆயில் என்றே எழுதுகிறோம்.)

சின்ன யந்திரம் என்றால் கொஞ்சம் கவனித்தால் போதும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறு. பெரிய யந்திரத்தின் வயிற்றில் நாலு, ஐந்து லிட்டர் ஆயில் இருக்கும். இந்தக் குட்டி யந்திரத்தில் இருப்பது மூன்று லிட்டர். சிலவற்றில் அதற்கும் குறைவு. உழைப்போ பெரியதைக் காட்டிலும் அதிகம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பெரிய கார் நிமிஷத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்றுச் சுற்றிக்கொண்டு சுகமாகப் போகும். பழைய கேய் சரக்கு வண்டி ஐயாயிரம் சுற்றை நெருங்கி அலறும். 2000-ம் வருஷம் வரையில் ஜப்பானின் அதிவேகப் பாதைகளில் கேய் வண்டிகளுக்கு எண்பதுக்கு மேல் போக அனுமதி இருக்கவில்லை. கொஞ்சம் ஆயில், நிறையச் சுற்று. ஆகையால் அந்த ஆயில் சீக்கிரம் களைத்துப்போகிறது.

ஆயில் பார்க்கும் கம்பியில் மேலே ஒரு குறி, கீழே ஒரு குறி இருக்கும். இரண்டுக்கும் இடையேயுள்ளது பெரும்பாலும் ஒரு லிட்டருக்குச் சற்று முன்பின். பெரிய வண்டியில் கீழ்க் குறியைத் தொட்டால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று என்று அர்த்தம். இதில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. "சிவப்பு விளக்கு எரியவில்லையே!" என்று சொல்வார்கள். அந்த விளக்கு ஆயிலின் அளவைப் பார்ப்பதற்கு ஏற்பட்டதல்ல. ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு ஏற்பட்டது. ஓடும் வண்டியில் அது எரிகிறதென்றால் உலோகம் உலோகத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது என்று கொள்ள வேண்டும்; அந்த இடத்திலேயே யந்திரத்தை நிறுத்த வேண்டும்.

இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடம் என்று அம்மையார் எழுதியிருந்ததைப் படித்ததும் நாம் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். கார் மெதுவாக, பக்கத்தில்தானே போய் வருகிறது, அதற்கு என்ன தேய்மானம் என்று தோன்றும். ஜப்பானியக் கம்பெனிகளின் பராமரிப்புப் புத்தகங்களோ இதைக் 'கடின உபயோகம்' என்ற தலைப்பில் சேர்த்திருக்கின்றன. மலையேறுவதும், புழுதியில் ஓடுவதும் எப்படியோ, அப்படியே எட்டுக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் குட்டிப் பிரயாணங்களும்! யந்திரம் சூடேறுவதற்குள் நின்றுவிடுகிறது. எரியாத பெட்ரோல் கொஞ்சமும், எரிந்ததில் உண்டான நீர் கொஞ்சமும் ஆயிலில் கலக்கின்றன. நீண்ட தூரம் ஓடினால் அவை ஆவியாகிப் போய்விடும். ஓடாததனால் உள்ளேயே தங்கி ஆயில் கசடாகிறது. சாதாரணமாக டர்போ இல்லாத கேய்க்குப் பதினாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் என்று சொல்லியிருந்தால், இப்படி ஓடும் வண்டிக்கு அதில் பாதியிலேயே ஆயில் மாற்ற வேண்டும். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மாற்றுவது நல்லது.

கசடு என்ன செய்யும்? பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களில் ஆயிலை வழித்துக் கீழே தள்ளும் வளையம் ஒன்று உண்டு. கசடு சேர்ந்தால் அது தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு வழிக்க மறுக்கிறது. ஆயில் மேலே ஏறிப் பெட்ரோலோடு எரிகிறது. இதுதான் 'ஆயில் குடிப்பது'. 1994 முதல் ஸுஸுகியின் கே6ஏ என்னும் யந்திரத்திலும், 2005 முதல் டைஹாட்ஸுவின் கே.எஃப். யந்திரத்திலும் வால்வுகளை இயக்குவதற்கு ரப்பர்ப் பட்டைக்குப் பதில் சங்கிலி வந்தது. "சங்கிலிதானே, ஆயுள் முழுவதும் உழைக்கும்" என்று விளம்பரம். உழைக்கும், ஆயில் சுத்தமாக இருந்தால். சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் கருவி வேலை செய்வதே ஆயிலின் அழுத்தத்தில்தான். கசடான ஆயிலில் சங்கிலி தேய்ந்து நீண்டு, காலையில் யந்திரத்தைக் கிளப்பும்போது சலசலவென்று சலங்கை கட்டிக்கொண்டதுபோல் சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டும் கேளாதவர்போல் இருக்கிறவர்களுக்குப் பிற்பாடு பெரிய செலவு காத்திருக்கிறது.

பட்டை வைத்த பழைய மாதிரிகளில் வேறு ஆபத்து. லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் பட்டை மாற்ற வேண்டும் என்பது ஜப்பானிய வழக்கம். அமெரிக்காவில் இருபத்தைந்து வருஷம் கழிந்த பிறகே இறக்குமதி செய்ய முடிகிற கேய்ச் சரக்கு வண்டிகளில், மீட்டரில் நாற்பதாயிரம்தான் காட்டும். வாங்குகிறவர் பூரித்துப் போவார். ரப்பருக்கு மீட்டர் வாசிக்கத் தெரியாது! வருஷம் போனால் அது வெடிக்கும். அறுந்த இடத்தில் வண்டி நிற்பதோடு தப்பித்தால் பாக்கியம். சில யந்திரங்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

டர்போ வைத்த கேய்களைப் பற்றி ஒரு வார்த்தை. 64 குதிரைச் சக்தியைக் காப்பி டம்ளர்களிலிருந்து பிழிந்தெடுப்பதற்காக, புகை போகும் வழியில் ஒரு சிறு காற்றாடியை வைத்து நிமிஷத்துக்கு லட்சத்துக்கு மேல் சுற்ற விடுகிறார்கள். அதற்கும் இதே மூன்று லிட்டர் ஆயில்தான். ஆகையால் அவற்றுக்கு ஆயில் மாற்றும் தவணை ஐயாயிரம் கிலோமீட்டர். மேடு ஏறி வந்ததும் சட்டென்று யந்திரத்தை நிறுத்தாமல் ஒரு நிமிஷம் ஓடவிடுவது நல்லது. டர்போ இல்லாமலே அந்த 64-ஐயும் எட்டிப் பிடித்த யந்திரம் ஒன்றும் உண்டு. அது 1991-ல் வந்த ஹோண்டா 'பீட்' காரினுடையது. 656 ஸி.ஸி.; நிமிஷத்துக்கு 8,100 சுற்றில் அந்தப் பலம் தரும். அது வாலிபர்களின் விளையாட்டு. ஆசிரியைகளுக்கு வேண்டாம்.

அடுத்தது சூடு. இதைப் பற்றி எழுத நமக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் நாமே இந்தப் பாவத்தைச் செய்திருக்கிறோம். ஒரு சித்திரை மாதத்தில், நமது பழைய மூன்று ஸிலிண்டர் வண்டியில் ஐந்து பேர் ஏறிக்கொண்டு திருச்சிக்குப் புறப்பட்டோம். விழுப்புரத்துக்கு அருகில் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. "சாப்பாட்டு வேளைக்குள் போய்விடலாம்" என்று பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினோம். சாப்பாட்டு வேளையில் சாலையோரப் புளியமரத்தடியில் இருந்தோம். யந்திரத்தின் தலைப் பாகம் அலுமினியம். அது சூட்டில் நெளிந்தது. தலைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள காஸ்கெட் பிய்ந்தது. தண்ணீர் ஆயிலில் கலந்து மோர்க்குழம்பு நிறமாகிவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்ததைப் புறப்படும்போது பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. குற்றம் யந்திரத்தினுடையது அல்ல, ஓட்டியவருடையது. அந்த ஓட்டியவர் இப்போது இந்தப் பகுதியை எழுதுகிறார்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பூமி சுண்ணாம்புக் கல்; கிணற்று நீர் கடினமானது. அந்தத் தண்ணீரில் வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை அவ்வூர்ப் பெண்மணிகள் அறிவார்கள். அதே தண்ணீரைக் 'கொஞ்சம் குறைகிறதே' என்று ரேடியேட்டரில் ஊற்றினால் அதே வெள்ளை உள்ளேயும் படியும். சின்ன ரேடியேட்டரின் குழல்கள் ஊசித் துவாரங்கள் போன்றவை. அவை அடைபட அதிக நாள் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரும், அதற்குரிய குளிர்திரவமுமே ஊற்ற வேண்டும். யந்திரம் ஆசனத்தின் கீழேயும் ரேடியேட்டர் மூக்கிலுமாக இருக்கும் வான் வண்டிகளிலும், சரக்குத் தட்டின் கீழே யந்திரம் இருந்த ஹோண்டா 'ஆக்டி'யிலும் தண்ணீர்க் குழாய்கள் நீளமானவை. தண்ணீர் மாற்றும்போது குழாயில் காற்று நின்றுவிட்டால், ரேடியேட்டர் நிறைந்திருந்தும் யந்திரம் கொதிக்கும். காற்றை வெளியேற்றும் முறை தெரிந்தவரிடம்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

இனி நடுக்கம். இது இரண்டு வகை. ஒன்று சீரான நடுக்கம்; கையைத் தூக்கி ஸ்டியரிங்கின் மேல் வைத்தால் ஒரே தாளமாக அதிரும். பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரில் போட்டால் கூடும். குளிர்சாதனத்தைப் போட்டால் இன்னும் கூடும். இது மவுண்ட் கட்டைகள் கிழடு தட்டிப்போனதற்கு அடையாளம். பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்த ரப்பர் கல்லாகி வெடித்துவிடும். பிறகு யந்திரத்தின் பிறவி நடுக்கம் முழுவதும் நம் எலும்புக்கு வந்து சேரும். மற்றொன்று நொண்டும் நடுக்கம். இரண்டு உலக்கை விழுந்து மூன்றாவது விழாததுபோல் தாளம் தப்பும், மேடு ஏறாது, பெட்ரோல் செலவு கூடும். நாலில் ஒன்று நின்றால் கால் பங்கு பலம் போகும். மூன்றில் ஒன்று நின்றால் மூன்றில் ஒரு பங்கே போய்விடுகிறது. ஆகையால் இந்த வண்டிகளில் இது உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் பொறி கொடுக்கும் பிளக்கோ, அதன் மேலுள்ள காயிலோ கெட்டிருக்கும். மெக்கானிக் ஒவ்வொரு காயிலின் இணைப்பையும் ஒரு கணம் கழற்றிப் பார்ப்பார். எதைக் கழற்றினால் யந்திரத்தின் ஓட்டத்தில் மாறுதல் இல்லையோ, அங்கேதான் கோளாறு. இப்படியே நாள் கடத்தினால், எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குப் போய் அங்குள்ள புகை சுத்தி செய்யும் கருவியைச் சுட்டுவிடும். அதன் விலையைக் கேட்டால் காயிலின் விலை தர்மமாகத் தோன்றும்.

இவ்வளவையும் சுருக்கி அம்மையாருக்குப் பதில் எழுதினோம். "சகோதரி! எஞ்சின் வாங்க அவசரப்பட வேண்டாம். முதலில் மவுண்ட்டையும் காயில்களையும் பாருங்கள். ஆயிலை மாற்றி, மேல் குறி வரையில் நிரப்பி, எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். யந்திரத்தின் உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் பி.ஸி.வி. வால்வு என்று ஒன்று இருக்கிறது, அது அடைபட்டாலும் வண்டி ஆயில் குடிக்கும், விலை சொற்பம். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வின் ரப்பர் ஸீல். ஓடும்போது விசையை மிதித்தால் வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் வளையம். ஸிலிண்டர்களில் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் 'எஞ்சின் போய்விட்டது' என்று சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்தால் யந்திரத்தைத் திறக்கத்தான் வேண்டும். கால் லிட்டர் என்றால் ஊற்றிக்கொண்டே ஓட்டலாம்."

சென்ற வாரம் மறு கடிதம் வந்தது. வேறொரு கராஜில் பார்த்தார்களாம். கம்பியில் ஆயில் கீழ்க் குறிக்கும் கீழே இருந்ததாம். வெளியே வந்தது தார் போலிருந்ததாம். மவுண்ட் மூன்றில் இரண்டு வெடித்திருந்தன, மாற்றியாயிற்று. நடு ஸிலிண்டரின் காயிலும் போயிருந்தது. மூன்று ஸிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பி.ஸி.வி. வால்வும் மாற்றிவிட்டார்கள். செலவு முன்பு கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஆயில் இன்னும் குடிக்கிறது. அறுநூறு கிலோமீட்டருக்கு இருநூறு மில்லிலிட்டர் என்று நோட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கீரிமலை வரையில் ஒரு நடை போய் வருகிறார்களாம், யந்திரம் நன்றாகச் சூடேறட்டும் என்று. கம்பியை இழுத்து ஆயில் பார்ப்பது மூத்த பெண்ணின் வேலை. மைத்துனர் முக்காலி விஷயத்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லையாம்.